கைக்குப் பத்து வெள்ளி

முகத்துக்கு நாற்பது வெள்ளி, கைக்குப் பத்து
என்றார் ஓவியர் ஹோல்க்,
எங்கள் காப்பியைக் குடித்துக்கொண்டே.
அம்மா விரல்விட்டு எண்ணினாள்:
ஐந்து முகம், பத்துக் கை.
ஏழு கையை மறைக்க முடியுமா என்று கேட்டாள்.

ஆகவே
அண்ணன் செவரின் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
பொதுச்சபையில் பேச எழுந்தவன் போல நிற்கிறான்.
ரோமானிய மிடுக்கு என்பார்கள் வருகிறவர்கள்.
சிக்கனம்.
அக்கா பிர்கிட்டா பியானோவின் தாளைப் புரட்டுகிறாள்,
மறுகை பியானோவுக்குப் பின்னால் எங்கோ.
அம்மாவுக்கு ஊசி பிடித்த கை மட்டும்.
ஆறு வயது எனக்கு;
என் கைகள் பூனையின் வயிற்றுக்கடியில்.
பூனைக்குத் தனிவிலை எதுவும் சொல்லவில்லை அவர்.

அப்பாவின் ஒரு கை மேலங்கிக்குள்.
அன்றைய நாகரிகம் அது, செலவுமில்லை.
மற்றது அம்மாவின் நாற்காலி முதுகில்,
மோதிரத்தோடு, முழுக் கட்டணத்தில்.

நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
பழைய கிரேக்க ஜாடி ஒன்றின் படத்தைப் பார்த்து
அப்பா செய்வித்தது. வாள்போல வளைந்த கால்கள்.
அரைமணி உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகும்.
அந்தக் கிரேக்கர்கள்
உட்காரவே மாட்டார்கள் போல என்பாள் அம்மா.

சுவரில் ஒன்றும் வேண்டாம் என்றார் ஹோல்க்.
கடிகாரம் போனது. கணப்பின் புகைக்குழாய் போனது.
கோபன்ஹேகனின் ஈரத்தில் மூன்று நாளாய்க் காயாத
எங்கள் உள்ளாடைகள் போயின.
பதிலுக்கு ஒரு தூண் வந்தது,
எங்கள் வீட்டில் எந்நாளும் இல்லாத தூண்.

நவம்பரில் ஹெல்சிங்கோருக்குக்
கப்பல் பார்க்கப் போனார் அப்பா.
அங்கே நின்றால் எதிர்க்கரையில் ஸ்வீடன் தெரியும்.
தெரிந்திருக்க வேண்டும்.

ஜனவரியில் பணம் வெறுங்காகிதமானது.
கடன் கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள்.
ஏலக்காரன் வந்து
வளைந்த கால்களில் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டான்.
அன்று மாலையே
ஓவியரை அழைத்துவரச் சொன்னாள் அம்மா.

காலமாகிவிட்டாரா என்று தொப்பியைக் கழற்றினார் ஹோல்க்.
இல்லை, என்றாள்.
அவரைக் கல்லாக்கிவிடுங்கள்.
மார்பளவுச் சிலைக்குக் கை கிடையாதல்லவா,
பத்து வெள்ளியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் சுரண்டினார்.
நாற்காலிக்குப் பின்னால் சாம்பல்பச்சைச் சுவர் மூடிக்கொண்டது.
தூணுக்கு வேலை கிடைத்தது:
அதன்மேல் அப்பா,
வெள்ளையாக, விழியில் மணியில்லாமல்,
வீட்டில் எப்போதும் காணாத அமைதியோடு.

பார்த்தவர்கள் துக்கம் விசாரித்தார்கள்.
அம்மா பொய் சொன்னதில்லை.
தலையை லேசாகச் சாய்ப்பாள், அவ்வளவுதான்.
கொதன்பர்க்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது.
அதைத் துண்டுதுண்டாகக் கிழித்துச் சுற்றித்தான்
பிர்கிட்டாவின் முடியைச் சுருட்டினாள்.
படத்தில் நெற்றியோரம் தொங்குகின்றனவே,
எல்லோரும் பாராட்டும் சுருள்கள்,
அவை.

இப்போது எனக்கு நாற்பத்தாறு.
சாயம் வயதானால் மெலியுமாம், தோலைப் போல.
போன குளிர்காலத்தில்
அம்மாவின் தோளருகே ஒரு பழுப்புக் கறை.
ஈரம் என்று நினைத்தோம்.
ஈஸ்டருக்குள் விரல்மூட்டுகள் தெரிந்தன.
பிறகு மோதிரம்.

தூணின் மேல் சிலை அப்படியே இருக்கிறது.
கீழே, உடம்பில்லாமல்,
எங்களைக் கை கழுவிய ஆளின் கை.

மூடச் சொல்லலாம், என்றாள் பிர்கிட்டா,
நல்ல ஆள் ஒருவனைத் தெரியும் என்றாள்.
அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
வெகுநேரம் பார்த்தாள்.
ஹோல்க் போய்ச் சேர்ந்து பதினேழு வருடம்.
'அவருக்குப் பத்து வெள்ளி பாக்கி' என்றாள்.
பிறகு விளக்கைத் தள்ளி வைக்கச் சொன்னாள்,
கண் கூசுகிறது என்று.

நான் சில இரவுகளில்
மெழுகுவர்த்தியோடு போய்ப் பூனையைப் பார்க்கிறேன்.
அதன் ரோமமும் மெலியத் தொடங்கிவிட்டது,
அடியில் வெறும் துணி தெரிகிறது.
என் கைகளை அவர் வரையவே இல்லை.